மயில் தின்ற ரோஸ் விதை

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து, மலையடிவாரப் புஞ்சைகளில் எல்லோரும் மக்காச்சோளம் விதைத்து முடித்திருந்த நேரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஆய்வுக்காக வாடகைக்கு எடுத்த வீட்டில் உட்கார்ந்து, உதிர்ந்த இறகுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். தோப்புகளிலும் புஞ்சைகளிலும் இரை தேடும் பறவைகளின் உடம்பில் எந்தப் பூச்சிமருந்து எவ்வளவு சேர்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. உயிரோடு ஒரு பறவையையும் பிடிக்கவேண்டியதில்லை. உதிர்ந்த இறகு, பொரிக்காமல் கெட்டுப்போன முட்டை, ரோட்டில் அடிபட்டுச் செத்த பறவை என்று கிடைத்ததை வனத்துறை அனுமதியோடு எடுத்துவந்து பத்திரப்படுத்தி, சோதனைக்கு அனுப்புவோம். முன்னறையில் அதற்கென்று ஒரு பெரிய ஃப்ரீசர் இருந்தது. குடிவந்த புதிதில் வீட்டுக்காரர் அதை ஒரு தடவை திறந்து பார்த்தார். அதற்குப் பிறகு வாடகை வாங்கக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

மதியம் போல அரசு கால்நடை மருத்துவர் போன் செய்தார். எங்கள் ஆய்வுக்குப் பலமுறை உதவியவர்.

"மேடம், சோழபுரத்துக்குப் பக்கத்துல ஒரு புஞ்சையில மயிலு செத்துக் கெடக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல. ஃபாரஸ்ட் ரேஞ்சர் வந்துட்டாரு. நீங்களும் வந்தா நல்லாருக்கும்."

ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். நான் ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். அந்தப் பக்கத்து வழிகளெல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரியும். எந்தப் புஞ்சை என்றுகூட அன்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தார்ரோட்டிலிருந்து புஞ்சை வரைக்கும் பைக்குகள் நின்றன.

ஆணும் பெட்டையுமாக ஏழெட்டு மயில்கள். விதை முளை விட்டும் விடாமலும் இருந்த ஈர மண்ணில் அங்கங்கே கிடந்தன. ஒரு ஆண் மயிலின் கழுத்து வேலிக் கம்பிக்குள் நுழைந்தபடியே நின்றுபோயிருந்தது. தப்பி ஓட முயன்றிருக்க வேண்டும். வரப்பில் ஒருவர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். அவர்தான் புஞ்சைக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்து விவசாயம் பார்ப்பவர். பக்கத்தில் வனக்காவலர் ஒருவர் நின்றார். புஞ்சைக்காரரின் மனைவி கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரரு மருந்து வச்சத எவனாச்சும் பாத்தீங்களாடா? பாத்தவன் முன்னால வந்து சொல்லு!"

யாரும் முன்னால் வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. விதைப்புக்கு முன்னால் நடந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், அதிகாரிகள் இருக்கும்போதே இவர் எழுந்து பேசியிருக்கிறார். "மயிலுக்கு நீங்க ஒரு வழி பண்ணலைன்னா நான் மருந்து வப்பேன், கேஸ் போட்டுக்கோங்க" என்று. இப்போது மயில்கள் அவர் புஞ்சையிலேயே செத்துக் கிடந்தன. ரேஞ்சர் அவரிடம் கேட்டார்.

"அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"மருந்து வச்சீங்களா?"

"வைக்கல."

அவ்வளவுதான்.

மருத்துவர் வேப்பமர நிழலில் தார்ப்பாயை விரித்து, ஒரு பெட்டை மயிலின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைக் கத்தியால் கீறினார். உள்ளே பை நிறைய மக்காச்சோளம். அத்தனையும் ரோஸ் கலரில் இருந்தது. அடுத்த மயிலிலும் அதே. கூட்டத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள். ரேஞ்சர் என்னைப் பார்த்தார்.

"மருந்து கலந்த சோளம். வேற என்ன வேணும்?"

நான் கையுறை போட்டு ஒரு மணியை எடுத்து உருட்டிப் பார்த்தேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் இதே வேலையாக இருப்பவளுக்குப் புரியாமல் போனால்தான் ஆச்சரியம். பறவைக்கு விஷம் வைக்கிறவர்கள் கையில் கிடைத்த மலிவான தானியத்தை எடுத்து, வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தைக் கொட்டிப் பிசைந்து வைப்பார்கள். மணிக்கு மணி பூச்சு மாறும். பக்கத்தில் போனாலே மருந்து வாடை தூக்கும். இது அப்படியில்லை. ஒரே அளவு மணிகள், தட்டையானவை, எல்லாவற்றிலும் வர்ணம் பூசினதுபோல ஒரே சீரான பூச்சு. வாடையே இல்லை.

"சார், இது வச்ச மருந்து இல்ல. கடையில பாக்கெட்ல வாங்குற விதை. பூச்சி அரிக்காம இருக்க, கம்பெனியிலேயே மருந்து பூசி அனுப்புவாங்க. திங்குற சோளத்தோட கலந்துடக் கூடாதுன்னு இந்தக் கலரு. விதைநேர்த்தின்னு சொல்லுவாங்க."

ரேஞ்சர் நிதானமான மனிதர். நான் சொன்னதைத் தள்ளிவிடவில்லை. செத்துக் கிடந்த மயிலைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு வந்து கேட்டார்.

"சரி, விதைன்னே வச்சுக்குவோம். வரிசையில ஒவ்வொண்ணா மண்ணுக்குள்ள போட்டிருக்கு. மயில் ஒவ்வொண்ணாக் கிண்டித்தான் எடுக்கணும். இவ்வளவு விதை இதுக்கு எப்படிக் கிடைச்சுது? யாராவது குவிச்சு வச்சாத்தானே?"

சரியான கேள்வி. மயில் பெரிய பறவை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிண்டித் தின்கிற விதை அதைக் கொன்றுவிடாது. குவியலாகத் தின்றால்தான் சாகும். வழக்கு முழுக்க அந்த ஒரு கேள்வியில் நின்றது. அதற்குப் பதில் இருக்கிற இடம் அந்தப் புஞ்சைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மருத்துவர் தீனிப்பையில் இருந்ததையும் ஈரலையும் புட்டிகளில் போட்டு சீல் வைத்தார். புஞ்சைக்காரரை வாக்குமூலம் எழுத ஜீப்பில் ஏற்றினார்கள். மயில் விஷயம் என்றால் சாதாரண வழக்கு இல்லை, ஜெயில் வரைக்கும் போகும். ஜீப் போனதும் கூட்டம் கலைந்தது. அவர் மனைவி மட்டும் நின்றார்.

"பொண்ணு போலீஸ்ல செலக்சன் ஆயிருக்கா. வீட்டப் பத்தி விசாரிக்க வருவாக. இந்த நேரம் பாத்து இவரு மேல கேஸா?" என்றார். அழவில்லை. கோபமாகத்தான் இருந்தார்.

"அக்கா, விதைச்ச அன்னைக்கு நீங்க இங்க இருந்தீங்களா?"

"இருக்காம? டிராக்டர் பின்னாலயே நடந்தேன்."

"டிராக்டர் எப்படிப் போச்சுன்னு நடந்து காட்டுவீங்களா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வரிசை. வேலிக்குப் பக்கத்தில் போனதும் நின்றார்.

"இந்த எடத்துல மிஷினத் தூக்கிருவான். தூக்கிட்டுத் திருப்பி, பொறவு அங்கன எறக்குவான்."

டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் விதைக்கும் மிஷினைச் சொன்னார். நான் அந்த இடத்தில் குனிந்தேன். மழையில் கரைந்த மண்ணுக்கு மேலே, வேலியோரத் தும்பைச் செடிகளுக்கு நடுவில், ரோஸ் கலர் விதை கைப்பிடி கைப்பிடியாகச் சிந்திக் கிடந்தது. மிஷினைத் தூக்கும்போது குழாயில் நிற்கிற விதை அங்கேயே கொட்டியிருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம். புஞ்சையின் இரண்டு முனையிலும் அப்படித்தான். விதையை மிஷினில் நிரப்பின மூலையில் இன்னும் நிறையக் கிடந்தது. சுற்றிலும் ஈரத்தில் மயில் காலடிகள்.

"அக்கா, இங்க வாங்க."

வந்து பார்த்தார். குனிந்து செடிகளை விலக்கிப் பார்த்தார். பிறகு, "இம்புட்டா கொட்டிக் கெடக்கு?" என்றார்.

ரேஞ்சருக்குப் போன் போட்டேன். "சார், குவியல் கிடைச்சிருச்சு. யாரும் வைக்கல. மிஷின் கொட்டினது. இப்பவே ஆள் அனுப்புங்க, மழை வந்தா முளைச்சிரும்." வெளிச்சம் இறங்குவதற்குள் அவரே வந்தார். முழங்காலில் உட்கார்ந்து பார்த்தார். எல்லாத் திருப்பத்தையும் படம் எடுக்கச் சொன்னார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஒரு புஞ்சைய வச்சு நான் எழுத முடியாது மேடம்" என்றார்.

அதுவும் நியாயம்தான். அடுத்த நாளிலிருந்து நான் மற்ற புஞ்சைகளுக்கு நடந்தேன். சோழபுரத்தைச் சுற்றியும், பிறகு தளவாய்புரம் பக்கமும். யார் மீதும் சந்தேகமே இல்லாத புஞ்சைகள். யாரும் மயிலைத் திட்டாத இடங்கள். எல்லாவற்றிலும் திருப்பங்களில் அதே ரோஸ் விதை. அந்தத் திருப்பங்களுக்குப் பக்கத்துப் புதர்களை விலக்கிப் பார்த்தபோதுதான் மற்றது தெரிந்தது. மணிப்புறாக்கள் செத்துக் கிடந்தன. கவுதாரிகளும். சில காய்ந்துபோய், சில எறும்பு மொய்த்து. ஒருவரும் அவற்றைப் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் சொல்லவில்லை. மயில் செத்தால் ஜீப் வருகிறது. புறா செத்தால் நாய் தூக்கிப் போகிறது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு விதைப்பிலும் இது நடந்துகொண்டே இருந்திருக்கலாம். இந்தப் பக்கத்துப் பறவைகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

எல்லாவற்றையும் எடுத்து அனுப்பினோம். கார்த்திகை கடைசியில்தான் முடிவு வந்தது. மயிலின் ஈரலிலும், புறாக்களிலும், கவுதாரிகளிலும் இருந்தது ஒரே மருந்து. பாக்கெட் விதையில் பூசியிருந்த அதே மருந்து. வேறு எந்த விஷமும் எதிலும் இல்லை. ரேஞ்சர் முழுவதையும் படித்துவிட்டு, "இது போதும்" என்றார். வேண்டுமென்றே விஷம் வைத்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதி வழக்கை முடித்தார்கள்.

செய்தியைச் சொல்ல நானே போனேன். புஞ்சைக்காரர் மோட்டார் ரூமுக்கு முன்னால் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப மயிலு என் வெதையத் தின்னுதான் செத்திருக்கு."

"ஆமாய்யா. ஆனா நீங்க வேணும்னு…"

"வேணும்னு செஞ்சா என்ன, தெரியாம செஞ்சா என்ன? காசு குடுத்து வாங்கி, ஆள் வச்சுப் போட்டது நாந்தான?" குரல் ஏறியது. "பாக்கெட்டுல இதெல்லாம் எழுதியிருக்கா?"

எழுதியிருந்தது. பறவைக்கு ஆபத்து, சிந்தின விதையை மண்ணால் மூடவும் என்று பாக்கெட்டின் பின்பக்கம், எறும்பு ஊருகிற எழுத்தில், இங்கிலீஷில். நான் படித்துச் சொன்னதும் அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"கூட்டத்துல நான் கத்தினது அம்புட்டு பேருக்கும் கேட்டுச்சு. இது ஒருத்தன் கண்ணுக்கும் தெரியலயே" என்றார்.

அடுத்த விதைப்புக்கு முன்னால் எங்கள் ஆய்வுக் குழு ராஜபாளையத்தில் ஒரு கூட்டம் போட்டது. விவசாயிகளைவிட டிராக்டர் ஓட்டுகிறவர்களைத்தான் முக்கியமாகக் கூப்பிட்டேன். மிஷினைத் தூக்குவதற்கு முன்னால் விதை விழுவதை நிறுத்த வேண்டும், திருப்பத்தில் சிந்தினதை உடனே மண்ணைத் தள்ளி மூட வேண்டும், மிஷினில் நிரப்பும்போது கீழே படுதா விரிக்க வேண்டும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒருவர், "திருப்பத்துக்குத் திருப்பம் எறங்கி மண்ணு தள்ளுனா எப்ப விதைச்சு முடிக்க?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் புஞ்சைக்காரர் எழுந்துவிட்டார். அவர் வந்திருந்ததே எனக்குத் தெரியாது.

"செத்த நேரம் ஆவும். ஆவட்டும். ரேஞ்சர் ஆபீஸ்ல ராத்திரி வரைக்கும் உக்காந்து பாத்தியா நீயி? நான் உக்காந்தேன். மண்வெட்டியோட ஒரு ஆள நிறுத்து, வேல முடிஞ்சது."

என் படங்களைவிட அந்தப் பேச்சுக்குத்தான் மதிப்பு இருந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அந்த விதைப்பு முடிந்ததும் அதே புஞ்சைகளில் மறுபடி நடந்தேன். மூடின திருப்பங்களில் செத்த பறவை ஒன்றும் இல்லை. மூடாத புஞ்சைகளும் இருந்தன. அங்கே புறாக்கள் கிடந்தன. எல்லோரும் கேட்டுவிடவில்லை. விதையும் அதே ரோஸ் கலரில்தான் வருகிறது. ஆனாலும் என்ன நடக்கிறது, எங்கே நடக்கிறது, எதைச் செய்தால் குறையும் என்று எங்களுக்குத் தெரியும். ஆராய்ச்சியில் அவ்வளவு தெளிவு கிடைப்பது அபூர்வம்.

புஞ்சைக்காரரின் மகள் போலீஸ் பயிற்சிக்குப் போய்விட்டாள். போன வாரம் அவர் போன் செய்தார்.

"அம்மா, மயிலு சாவல. நல்லாத்தான் இருக்கு. காலைல வந்து முளைச்ச பயிரக் கொத்திட்டு இருக்கு. இதுக்கு உங்க ஆராய்ச்சியில ஒரு வழி உண்டா?"

"இப்ப இல்லைய்யா. உங்க புஞ்சையில ஒரு மூலைய எனக்கு விட்டுக் குடுத்தீங்கன்னா, தேடிப் பாக்கலாம்."

"எம்புட்டு எடம் வேணும்?" என்று கேட்டார்.