மண் எரியும்

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள், லீவில் ஆம்பூர் வந்தபோது வறட்டி மாதிரி ஒரு கட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். "சதுப்பு மண்ணும்மா. அங்க இத வெட்டிக் காயவெச்சு அடுப்புல எரிப்பாங்க" என்று சொல்லிக் கொளுத்தினாள். அது நிதானமாகப் புகைந்து பற்றியது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது என் அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. கையெல்லாம் புண். சனிக்கிழமைகளில் கான்வென்ட் டிஸ்பென்சரியில் அயர்லாந்துக்கார சிஸ்டர் ஒருவர் கட்டுப்போடுவார். நானும் கூடப் போவேன். ஒருநாள் அவர் கண்கள் வீங்கியிருந்தன. "இன்னா சிஸ்டர்?" என்று அப்பா கேட்டார்.

"ஊர்ல அம்மா செத்துட்டாங்க. இனி எங்க வீட்ல மண்ணு எரியாது."

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. "மண்ணு எப்டி சிஸ்டர் எரியும்? விறகுன்னு சொல்லணும்" என்று பொறுமையாகத் திருத்தினார்.

சிஸ்டர் துணியை முடிச்சுப் போட்டபடி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். "இனி எங்க வீட்ல விறகு எரியாது."

"இப்பதான் கரெக்ட்டு" என்றார் அப்பா.

"இன்னாம்மா, நெருப்பையே பாக்குற?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. மண்ணு எரியுது" என்றேன்.