இடது கைப் பக்கம், எட்டே நிமிஷம்

"வழி கேட்டு நிக்கிற நாக்கு இல்லைய்யா இது. வழி சொல்ற நாக்கு!"

பேருந்து நிலையத்து விசாரணைக் கூண்டில் இருப்பவர், தேநீர் இடைவேளை ஒன்றில் ஏழெட்டு நடத்துனர்கள் கேட்கச் செய்த பிரகடனம் இது. அன்று முதல் அவருக்கு 'விசாரணை' என்றே பெயர் நிலைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிர் வாழ்ந்தது.

கம்பி வலை, அதில் வாய் அளவுக்கு ஓர் ஓட்டை, உள்ளே ஒரு முக்காலி. இந்தச் சிம்மாசனத்திலிருந்து முப்பத்தொரு வருஷம் நகரத்தை ஆண்டார். வீடு நிலையத்தின் பின்சந்தில். நடந்து வருவார், நடந்து போவார். பேருந்தில் ஏற வேண்டிய அவசியமே அவருக்கு நேரவில்லை. கரையில் உட்கார்ந்தபடி கடலின் ஆழம் சொல்வதும் ஒரு வித்தைதானே.

வெளியூர்க்காரர்கள் அதிகம் விசாரித்தது கலங்கரை விளக்கம். அதற்கு அவரிடம் ஒரு மந்திரம் இருந்தது. "பதினாலாம் நம்பர். தபாலாபீஸ்ல எறங்கு. இடது கைப் பக்கம் சந்து. எட்டே நிமிஷம். அடுத்த ஆளு!" கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா? பள்ளிக்கூடமா இது?"

மனைவி வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். "ஊரையெல்லாம் அனுப்புறீங்க. மேல ஏறினா கடலும் ஊரும் ஒண்ணாத் தெரியுமாம். நாமளும் ஒரு நாள் போவோமே."

"கல்லுக் கட்டடம். எங்க ஓடிப் போகுது?"

கட்டடம் ஓடவில்லை. அவளுடைய பார்வைதான் ஓடியது. இடது கண் போன வருஷமே அணைந்துவிட்டது. வலது கண்ணில் புனல் வழியாகப் பார்ப்பது போலக் கொஞ்சம் மிச்சம். நாளைக் காலை அறுவைச் சிகிச்சை. "இருக்கிறதையாவது காப்பாத்தப் பார்க்கிறோம். உறுதி சொல்ல முடியாது" என்று டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

இன்று மதியம் விசாரணை விடுப்பு எடுத்தார். கூண்டு காலியாக இருப்பதைக் கண்டு புறாக்களே திகைத்தன. கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி உண்டு, கடைசி ஏற்றம் ஐந்து மணிக்கு. அதுவும் அவருக்கு மனப்பாடம்.

பேருந்தில் நடத்துனர் சும்மா இருப்பாரா? "என்ன விசாரணை, வழி தெரியுமா? தபாலாபீஸ் வந்ததும் சொல்லட்டுமா?"

"உன் மாமனாருக்கே நான்தான்டா வழி சொன்னேன், மாப்பிள்ளை பார்க்க வந்தப்போ."

நாலு பத்துக்கு இறங்கினார்கள். மார்பை நிமிர்த்தி இடப்பக்கச் சந்தில் நுழைந்தார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளம் மேடுகளைக் காலால் தடவியபடி வந்தாள். எட்டு நிமிஷம் ஆயிற்று. பதினைந்தும் ஆயிற்று. இருபுறமும் நாலு மாடிக் கட்டடங்கள். வானமே ஒரு நாடா அளவுதான் தெரிந்தது. சந்தின் முடிவில் கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிடங்கின் மதில் இருந்தது.

"வந்துட்டோமாங்க?"

"இதோ, கிட்டத்துல."

இன்னொரு சந்து. அதே மதிலின் முதுகு.

"யாரையாவது கேளுங்களேன்."

"யாரு, நானா?"

அவள் மணி என்ன என்று கேட்கவில்லை. அதுதான் அவரைக் குத்தியது. வந்த வழியே சந்து முனைக்குத் திரும்பினார்கள். அங்கே ஒரு பூட்டு ரிப்பேர்க் கடை. அதன் கதவில், போகும்போது நிமிர்ந்த மார்பு மறைத்துவிட்ட ஒரு தகரப் பலகை. அதைப் படித்ததும் அவர் கால்கள் நின்றுவிட்டன.

"ஏன் நின்னுட்டீங்க? ஏதோ போர்டு மாதிரி இருக்கே. என்ன எழுதியிருக்கு?"

பூட்டு ரிப்பேர் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். அவளால் படிக்க முடியாது. உள்ளே குனிந்திருந்த கடைக்காரர் தவிர வேறு சாட்சியும் இல்லை.

"கலங்கரை விளக்கம் இந்தப் பக்கம் இல்லை," என்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "விசாரணைக் கூண்டில் சொன்னதை நம்பி இந்தச் சந்தில் நுழையாதீர்."

அவள் பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "எழுத்து அழகா இருக்கா?"

"இருக்கும்மா. பழைய எழுத்து. மங்க மங்க ரெண்டு மூணு தடவை மேல எழுதியிருக்காங்க."

கடைக்காரர் சாவியை அரத்தில் தேய்த்தபடி, தலை நிமிராமலே பேசினார். "நீங்களும் அந்தக் கூண்டுக்காரர் அனுப்பின ஆளுங்களா? திரும்பி வர்ற பஸ்லேர்ந்து பார்த்தாத்தான் விளக்குக்குப் போற சந்து இடது. போற பஸ்ல வந்து எறங்கினா வலது. எவனோ டிரைவர் திரும்பறப்போ பார்த்ததைச் சொல்லியிருக்கான். அந்தப் புண்ணியவான் அதையே ஓதிக்கிட்டிருக்காரு. தெனம் பத்துப் பேர் வந்து முட்டிக்கிறாங்க. ஒருத்தரும் திரும்பிப் போய் அவருகிட்டச் சொல்றதில்ல."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கூண்டில் சாய்ந்து நின்று வழி சொல்லிக் கொடுத்த ஓட்டுநரின் முகம் விசாரணைக்கு நினைவு வந்தது. அதன் பிறகு எத்தனை பேர்! எத்தனை பேரின் ஐந்து மணி!

நாலு நாற்பத்திரண்டு. அவர் தொண்டையைச் செருமினார். நாக்கு முரண்டு பிடித்தது.

"ஐயா... கலங்கரை விளக்கத்துக்கு எப்படிப் போகணும்?"

"ரோட்டைத் தாண்டுங்க. எதிர்ச் சந்து. ஒரு அடிபம்ப் வரும், அங்க வலது. எட்டு நிமிஷம். எட்டு நிமிஷம்ங்கறதை மட்டும் அவரு சரியாத்தான் சொல்றாரு."

"ரோட்டைத் தாண்டி எதிர்ச் சந்து," என்று விசாரணை திருப்பிச் சொன்னார். "அடிபம்ப். வலது."

"அடிபம்ப்கிட்ட வலது," என்றாள் மனைவி, அவர் மறந்துவிடுவாரோ என்பது போல.

சாலையைக் கடந்து வேகமாக நடந்தார்கள். அடிபம்பில் ஒரு பெண் குடம் நிறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கூரைகளுக்கு மேலே, விளக்கின் வெள்ளைத் தலை அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் நின்றார்.

"ஏம்மா, லைட் ஹவுஸுக்கு இப்படித்தானே?"