சூப்பர்வைசர் ஜெகதீசனும் பக்கத்து வீட்டுப் பூனையும்

பந்தலூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் கொழுந்து எடை போடும் இடத்தில் முப்பத்திரண்டு வருஷம் நின்றவர் ஜெகதீசன். பெண்கள் சுமந்து வரும் சாக்குகளைத் தராசில் ஏற்றுவதற்கு முன், முழங்கை வரை கையை விட்டு அடியைத் துழாவிப் பார்ப்பார். மேலே தளிர் இருக்கும், அடியில் முற்றின இலை இருக்கும். சில நாள் தண்ணீர் தெளித்த ஈரம் தட்டுப்படும். ஒரே ஒரு தடவை, பொன்னாயி என்ற பெண்ணின் சாக்கில், ஒரு கருங்கல் கிடைத்தது. அந்த ஒரு கல் போதும், மனுஷர் அதற்கப்புறம் யாரையும் நம்பவில்லை. துழாவி முடித்து "சரி, தராசுல வை" என்று அவர் சொன்னால்தான் சாக்கு நகரும்.

ரிட்டையர் ஆன பிறகு கையை விடச் சாக்கு இல்லை. சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரைக் குலுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார். மனைவி உயிரோடு இருந்தவரை, "நான் போடுறது காப்பிதானான்னு அதையும் ஒருக்கா துழாவிப் பாருங்க" என்று அடக்கி வைத்திருந்தாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

விதியைப் பாருங்கள், எஸ்டேட்டை விட்டு வந்து வீடு கட்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக வாய்த்தது அதே பொன்னாயி. மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். அவளுக்குத் துணை செவலை என்ற ஒரு பூனை. பழைய கல்லைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை.

இந்தத் தை மாதம் ஜெகதீசனின் மகள் ராஜப்ரியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதாக ஏற்பாடு. வருவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. "பொம்பள இல்லாத ஊட்டுக்கு எப்படிங்க அனுப்பறது?" என்று திருப்பூர் சம்பந்தியம்மா இழுத்தார். அப்போது பொன்னாயிதான் தானாகவே முன்வந்தாள். "ஏன், நா இல்லையாங்கய்யா? கூடவே இருந்து பத்தியம் ஆக்கிப் போட்டு, புள்ளையக் குளிப்பாட்டி, எல்லாம் நா பாத்துக்கிறேன்." அதைக் கேட்டபின்தான் சம்பந்தியம்மா சம்மதித்தார். தாய் இல்லாத குறை தெரியாமல் பிரசவம் பார்த்து மகளை அனுப்பி வைக்க வேண்டும், இதுதான் ஜெகதீசனுக்கு அந்த வருஷத்தின் ஒரே ஆசை. மகளுக்காகவே வீட்டுக்கு முன்னால் வெந்தயக்கீரையும் சிறுகீரையும் பாத்தி கட்டிப் போட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, பூனை அசிங்கம் கிடக்குற மண்ணுல பொழங்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. அங்க பூனை கீனை வருதா?"

வந்துகொண்டிருந்தது. பத்து நாளாகத் துவைக்கிற கல்லின் மேலும், பாத்தி ஓரத்தில் பதித்த கற்களின் மேலும், காலையில் எழுந்தால் அந்த அசிங்கத்தில்தான் விழித்தார். மண்ணைத் தள்ளி மூடக்கூட இல்லை. என்ன திமிர் பாருங்கள்! ஜெகதீசன் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாம்பலைக் கொட்டி அள்ளித் தூரப் போட்டார். அந்துருண்டை தூவினார். எலுமிச்சைத் தோல் போட்டார். சொட்டுநீலம் கலந்த தண்ணீரை பாட்டில்களில் ஊற்றி வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். உண்ணிமுள்ளை வெட்டிப் பாத்தியைச் சுற்றிப் போட்டதில் அவர் வேட்டிதான் கிழிந்தது. எதற்கும் அந்த அசிங்கம் நிற்கவில்லை. யானை வந்து வேலியைச் சாய்த்துவிட்டுப் போனபோதுகூட அவர் இவ்வளவு கொதித்ததில்லை. யானைக்கு எஜமானர் யாரும் பக்கத்து வீட்டில் இல்லையே.

செவலையைக் கண்காணிக்க ஆரம்பித்தார். அது மதில்மேல் உட்கார்ந்து கண்ணை மூடினால், நடிக்கிறது என்று நினைத்தார். பொன்னாயி அதற்குக் கருவாட்டுத் தலை போட்டால், வேலைக்குக் கூலி என்று தோன்றியது. பழைய கல்லுக்குப் பழிவாங்குகிறாளோ என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டார். கடைசியில் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டே விட்டார்.

"பொன்னாயி, உன் பூனை என் தோட்டத்த கக்கூஸ் ஆக்கி வச்சிருக்கு."

"எங்க செவலை அப்படிச் செய்யாதுங்கய்யா. அது குழி பறிச்சு, மண்ணத் தள்ளி மூடிட்டு வர்ற சாதி. கல்லு மேல ஏறி எதுக்குப் போவுது?"

"அடியில ஒண்ணுமில்ல" என்று ஆயிரம் பேர் சொல்லிக் கேட்ட காது அது. நம்புமா?

"கல்லப் பத்தி நீ பேசாத. சாக்குல கல்லு வச்சு என்னைய ஏமாத்தப் பாத்தவதானே நீ?"

பொன்னாயி கையிலிருந்த கருவாட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்தக் கல்ல நா வைக்கல. அன்னைக்கும் சொன்னேன், நீங்க கேக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பூனையைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு சேரம்பாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் விட்டுவிட்டு வந்தாள். திரும்பி வந்து ஜெகதீசன் வாசலில் நின்று சொன்னாள்: "பூனை போயிருச்சு. புள்ளத்தாச்சிக்கும் வேற ஆளப் பாத்துக்குங்க. கல்லு வைக்கிறவள நம்பி எப்படிப் புள்ளையத் தருவீங்க?"

ஜெகதீசன் உள்ளே போய் நாள்காட்டியைப் பார்த்தார். ராஜப்ரியா வெள்ளிக்கிழமை வருகிறாள். பொன்னாயி இல்லை என்று தெரிந்தால் சம்பந்தியம்மா மகளை அனுப்பவே மாட்டார். இருந்தாலும், தோட்டமாவது சுத்தமாகும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் துவைக்கிற கல்லின் மேல் மறுபடியும் கிடந்தது.

முதலில் அவருக்குத் தோன்றியது என்ன தெரியுமா? பூனையை அவள் வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறாள்! வேலியோரம் போய் எட்டிப் பார்த்தார். கருவாட்டுத் தட்டு காய்ந்து கிடந்தது. மதில் காலியாக இருந்தது. பொன்னாயி வாசற்படியில் தனியாக உட்கார்ந்து, எதையும் பார்க்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபின் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

திரும்பி வந்து ஒரு குச்சியை எடுத்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக, முகத்தைத் திருப்பாமல் அந்த அசிங்கத்தைக் கிளறிப் பார்த்தார். உள்ளே முழுசு முழுசாகக் காப்பிக்கொட்டைகள். நிமிர்ந்து பின்பக்கம் பார்த்தார். அவருடைய நாலு காப்பிச் செடிகளிலும் நன்றாகப் பழுத்த பழமாகப் பார்த்து யாரோ பொறுக்கியிருந்தார்கள். பப்பாளி மரத்தில் நகக் கீறல்கள். பூனை காப்பிப்பழம் தின்னாது. இது மரநாய். பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிற மரநாய். இந்த மலையில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

ஊரார் சாக்கையெல்லாம் அடிவரை துழாவினவர், தன் வீட்டுக் கல்லின் மேல் கிடந்ததைப் பார்க்கவில்லை. பழைய கல்லும் நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சாக்கு யாருடையது என்று மட்டும்தான் பார்த்தார். வரிசையில் இறக்கி வைத்த சாக்கில் யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். அவர் விசாரிக்கவில்லை, அரை நாள் சம்பளத்தை வெட்டினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது.

மரநாய்க்கு மிச்சம் வைக்காமல் காப்பிப்பழம் முழுவதையும் பறித்துக் கூடையில் போட்டார். பழுத்த பப்பாளியை இறக்கினார். பிறகு சேரம்பாடிக்கு பஸ் ஏறினார். பொன்னாயியின் தங்கை சின்னம்மை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களே புடிச்சுக்குங்க" என்று கதவை மட்டும் திறந்துவிட்டாள். செவலையைப் பிடித்துச் சாக்கில் போடுவதற்குள் இரண்டு கையும் ரத்தக்கோடாகிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் சாக்கு கத்தியது, பஸ்ஸே அவரைத் திரும்பிப் பார்த்தது.

பொன்னாயி வாசலில் சாக்கை இறக்கி வைத்தார். "அது மரநாய், பொன்னாயி. தப்பு எம்மேலதான். அந்தக் கல்லும்... நா அன்னைக்கே விசாரிச்சிருக்கணும்."

பொன்னாயி சாக்கைப் பார்த்தாள். குனிந்தாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, சாக்கின் வாயைத் தளர்த்தி, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். அவசரப்படாமல் அடிவரை துழாவினாள். எடை போடும் இடத்தில் எதிர்ப்பக்கம் நின்ற பெண்கள் தன் கை சாக்குக்குள் இருக்கும் நேரத்தில் எங்கே பார்ப்பார்கள் என்று ஜெகதீசன் யோசித்ததே இல்லை. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே கத்தல் நின்று, குர்குர்ரென்று சத்தம் கேட்டது.

"அடியில கல்லு ஒண்ணும் இல்ல" என்றாள் பொன்னாயி. "சரி, உள்ள வை."

ஜெகதீசன் சாக்கைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். நிமிர்ந்தபோது அவள் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சத்தூள் எடுத்தாறேன், உக்காருங்க" என்றாள். "வெள்ளிக்கெழம ராஜப்ரியா எந்த பஸ்ஸுல வருது?"