பாட்டு வேணாம், ஸ்டார்ட்டிங் பிட்டு போதும்

கிடார் கடையில் வேலை என்றால் நாள் முழுக்க இசை கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கடைக்கு வந்து நில்லுங்கள். ஒரே துண்டை, அதையும் தப்பாக, வருகிறவர்கள் எல்லாரும் வாசிப்பதைக் கேட்கலாம்.

நான் திவ்யா. பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வீடு மத்திகிரியில். வேலை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செல்போன் கடைக்கு மேல் மாடியில், ஜெசிந்தா அக்கா நடத்துகிற கடையில். விற்கிறோம், தந்தி மாற்றித் தருகிறோம், வகுப்பும் எடுக்கிறோம். துணிக்கடையோ செருப்புக்கடையோ, கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற யாராக இருந்தாலும் சரி, “சும்மா பாக்கத்தான்” என்று ஒருவர் உள்ளே வரும்போது உங்களுக்கு ஓர் எரிச்சல் வருமே, அதே எரிச்சலோடு இதைப் படிக்கலாம்.

அடுத்தது என்ன?

முதல் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி யூனிபார்மோடு நாலைந்து ட்ரெய்னி பையன்கள் படியேறி வருவார்கள். அதில் ஒருவன் சுவரில் இருக்கிற கிடாரை, இருப்பதிலேயே விலை கூடினதை, இறக்கச் சொல்வான். மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமுவான். பாடப் போகிறவன் போல! அப்புறம் வரும் அந்தப் பிட்டு. எந்தப் பாட்டோட ஆரம்பம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் வந்து அதையே வாசிப்பீர்கள். ரெண்டு படி ஏறும், ஒரு படி சறுக்கும், மறுபடி ஏறும், கடைசியில் கனமான தந்தியில் தொப்பென்று உட்காரும். உட்கார்ந்த இடத்தில் இருந்தே திரும்பவும் ஏறும்.

திரும்பத் திரும்ப அதையே வாசித்தவனிடம் ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன், அடுத்தது என்ன வாசிப்பீங்க என்று. அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. கிடாரை என்னிடமே நீட்டிவிட்டுச் சொன்னான்: “அடுத்தது பாடுறவரு வந்துருவாருல்லக்கா, அப்புறம் நமக்கு அங்க என்னா வேலை?”

அக்காவின் விளக்கம்

இவங்களுக்கெல்லாம் ஏன் பாட்டு வேண்டாம், பிட்டு மட்டும் போதும் என்று ஜெசிந்தா அக்காவிடம் புலம்பினேன். அக்கா ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர். பிட்டு என்று சொன்னால் பிடிக்காது. அதுக்குப் பேரு ரிஃப் என்பார். அன்றைக்கு கிடாரில் தந்தி மாற்றிக்கொண்டே அவர் சொன்னது இது: அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஒற்றைக் கிடாரை வைத்துக்கொண்டு பாடினபோது, ஒரு வரி பாடுவார்களாம், அதற்குக் கிடார் பதில் சொல்லுமாம். அந்தப் பதில் திரும்பத் திரும்ப வந்து கேட்கிறவன் மனசில் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் கரண்ட் கிடார் வந்தது, சத்தம் பெரிசானது. பதில் சொல்லிக்கொண்டிருந்த கிடார் பாட்டுக்கு முன்னாடியே வந்து நின்றுகொண்டது. அங்கிருந்து ரெக்கார்டில் ஏறி நம் சினிமாவுக்கும் வந்து சேர்ந்தது.

“சரிக்கா, அதுக்காக எல்லாரும் வந்து என் காதுல வாசிக்கணுமா?” என்றேன். அக்கா புதுத் தந்தியை முறுக்கி, அந்தப் பிட்டை ஒரே ஒரு தடவை வாசித்தார். கீழே செல்போன் கடைப் பையன் விசில் அடித்தான். எதிரே ஜூஸ் கடைக்காரர் டம்ளரில் ஸ்பூனால் தட்டினார். அக்கா என்னைப் பார்த்து, “பாட்டுன்னா வார்த்தை ஞாபகம் இருக்கணும்டி, இதுக்குக் காது இருந்தாப் போதும்” என்றார்.

போன் இருக்கும்போது எதுக்கு?

மாதேஷ் அண்ணா கம்பெனி வேன் ஓட்டுகிறவர். சொந்த ஊர் ஜவளகிரிப் பக்கம். வந்ததும், “ஒண்ணே ஒண்ணு கத்துக் குடுத்தா ஆவும் பாப்பா” என்றார். நான் பாப்பா இல்லை, பதினெட்டு ஆகிறது என்றேன். “சரிங்க மேடம்” என்றார். அது இன்னும் மோசம். எதைக் கற்றுக்கொள்ளணும் என்று கேட்பதற்குள் அவர் போன் அடித்தது. ரிங்டோன் எது என்று நினைக்கிறீர்கள்? அதேதான். பேசிவிட்டு வைத்து, “இதுதான் வேணும்” என்றார்.

முழுப் பாட்டாகக் கற்றுக்கொண்டால் என்ன, ஆரம்பத்தில் விரல் வலிக்கத்தான் செய்யும் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மகள் பூமிகாவுக்கு நாலு வயசு. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிப் போகிறார்கள். அவர் மனைவி வீட்டுப் பக்கம் கன்னடம், இவர் பக்கம் தெலுங்கு, தெருவில் தமிழ். மூணு பாஷை கலந்து பேசினதால்தான் பிள்ளை குழம்பிப் போச்சு என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பாஷையைக் குற்றம் சொல்கிறார்களாம். இந்த ரிங்டோன் அடித்தால் மட்டும் பூமிகா எங்கே இருந்தாலும் திரும்புவாளாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “அப்போ போன்லயே போட்டுக் காட்டுங்களேன், கிடாரு எதுக்கு?” என்றேன். அவர் கோபப்படவில்லை. “போட்டா போனப் பாக்குறா மேடம், என்னைப் பாக்கணும்” என்றார்.

கியர் போடுகிற கை

ஸ்டியரிங் பிடித்த கை தந்தியைப் பிடிக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அமுக்கச் சொன்னால் பிரேக் மாதிரி அமுக்குவார். நகர்த்தச் சொன்னால் ரிவர்ஸ் கியர் போடுகிற மாதிரி இழுப்பார். ஒரு தந்தி அறுந்து என் புறங்கையில் கோடு போட்டது. இன்னொரு சங்கடம், பிட்டின் கடைசியில் அந்தத் தொப்பென்று உட்காருகிற இடம் இருக்கிறதே, அதற்கு முன்னாடியே ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுவார். பாதியில் நிறுத்தினால் அது பிட்டே இல்லை என்று நான் கத்துவேன். “எனக்கு இதோட முடிஞ்ச மாதிரி இருக்குது மேடம்” என்பார். பிட்டு இன்னும் முடியவில்லை என்று அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தக் கடைசி இடத்தில் உட்கார வைத்தேன்.

கடையில் வாடகைக்கு எடுத்த கிடாரோடு, கம்பெனி கேட்டுக்கு வெளியே வேனை நிறுத்தி, ஷிப்ட் விடுகிற வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்து பழகினார். விடாமல் பழகினார், அதைச் சொல்லியாக வேண்டும். வேனில் ஏறுகிற பெண்கள் முதலில் கைதட்டினார்களாம். ஒரு வாரம் போனதும் அவர்களில் ஒருத்தி ஏறும்போதே கும்பிட்டுச் சொன்னாளாம்: “அண்ணா, அத நீங்க கீழ வெச்சிட்டு வண்டிய எடுங்கோ, அத்திப்பள்ளி வரைக்கும் நாங்களே வாயால வாசிச்சுக்கினு வர்றோம்.”

முழுசா வாசித்ததன் பலன்

முழுப் பிட்டும் தப்பில்லாமல் வந்த அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் மாதேஷ் அண்ணா தொங்கின முகத்தோடு வந்தார். பூமிகா திரும்பினாளாம். கிட்டே வந்தாளாம். அவர் முகத்தை நேராகப் பார்த்தாளாம். இவர் உற்சாகமாகக் கடைசி வரை வாசித்ததும் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம். திரும்ப வாசித்தும் அதேதான். எங்கே தப்பு பண்ணினேன் என்று என்னிடமே வாசித்துக் காட்டினார். ஒரு தப்பும் இல்லை.

அப்போது அவர் போன் அடித்தது. ரெண்டு படி ஏறியது, சறுக்கியது, மறுபடி ஏறியது, தொப்பென்று உட்காருவதற்குள் எடுத்துவிட்டார். அவர் பேசி முடிக்கிற வரை நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்பவும் இவ்வளவு சீக்கிரம் எடுப்பீங்களா என்று கேட்டேன். லேட்டா எடுத்தால் சூப்பர்வைசர் கத்துவார், முழுசா அடிக்கவே விட மாட்டேன் என்றார். “அண்ணா, உங்க பொண்ணு இந்தப் பிட்டோட கடைசியைக் கேட்டதே இல்லை. அவளுக்கு அது வேற ஏதோ சத்தம்” என்றேன். கிடாரை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அப்புறம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “அப்போ கஷ்டப்பட்டுக் கத்துனத இப்ப மறக்கணுங்களா மேடம்?”

எல்லாரும் தோற்றது

வீட்டில் மறுபடி தனியாக வாசித்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மகளைக் கடைக்கே கூட்டி வந்தார். மஞ்சள் கவுன், ஒரு கையில் தேய்ந்துபோன பென்சில். எங்களை அவள் பார்க்கவில்லை. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த, கிடாரைத் தோளில் தொங்கவிடுகிற பட்டைகளின் நுனியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். மாதேஷ் அண்ணா ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தார். சறுக்குகிற இடம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. பூமிகா திரும்பினாள். பட்டையை விட்டுவிட்டு வந்து அவர் முட்டிக்கு முன்னால் நின்றாள். அந்த இடம் வந்ததும் அவர் நிறுத்தினார்.

எனக்கு எதற்கும் காத்திருக்கத் தெரியாது, எதையாவது உளறிவிடுவேனோ என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பூமிகா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பென்சிலை எடுத்துக் காதில் வைத்தாள். “அலோ” என்றாள்.

மாதேஷ் அண்ணா கிடாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். “போனை எடுத்துட்டா, பேசுங்க!” என்று அக்கா அவர் தோளில் அடித்தார். அவரும் வெறும் கையைக் காதில் வைத்துக்கொண்டு அலோ என்றார். அவள் திரும்ப அலோ என்றாள். இவர் அலோ, அவள் அலோ. கிளம்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்: “மொதல்ல கன்னடம் பேசுவாளா, தெலுங்கு பேசுவாளான்னு ஊட்ல சண்டையே நடந்துச்சு மேடம், இப்ப எல்லாரும் தோத்துட்டாங்க.”

மீதி எங்கே?

அதற்கப்புறம் பூமிகா மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் அவளிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். சில வாரம் அதுவும் கிடையாது. பயிற்சிக்குப் போகிறார்கள், வருகிறார்கள். சனிக்கிழமை லீவு கிடைத்தால் அப்பாவும் மகளும் எங்கள் கடைப் படியேறி வருவார்கள்.

போன சனிக்கிழமை கடையில் சரியான கூட்டம். மாதேஷ் அண்ணா கீழே வண்டியை ஓரமாக விடப் போயிருந்தார். ஒரு ட்ரெய்னி பையன் கிடார் வாங்க வந்திருந்தான். சத்தம் எப்படி இருக்கும், வாசித்துக் காட்டுங்க என்றான். என்ன கேட்பான், அதையேதான் கேட்டான். நான் வாசிக்க ஆரம்பித்ததும் பூமிகா கூட்டத்தில் புகுந்து என் முன்னால் வந்து நின்றாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில் என் விரல் தானாகவே நின்றுவிட்டது. “அக்கா, மீதி?” என்றான் பையன். பூமிகா காதில் கை வைத்து அலோ என்றாள். நானும் கை வைத்து, அலோ, யாரு பேசறது என்றேன். முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கவுன்ட்டரில் ஒருவர் சில்லறைக்கு நிற்கிறார், ஒருவர் பில்லுக்கு நிற்கிறார். நான் கையை எடுக்கவில்லை. யாரு பேசறது என்று திரும்பக் கேட்டுவிட்டு நின்றேன். அந்த ட்ரெய்னி பையன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கிடாரை என்னிடம் இருந்து மெதுவாக எடுத்துக்கொண்டான். “மீதிய நான் வேற எங்கனா கேட்டுக்கறங்க்கா, நீங்க போனப் பேசுங்க” என்றான்.

ஆக, பாட்டையும் வாசிக்காமல், பிட்டையும் முடிக்காமல், காதில் கையை வைத்துக்கொண்டு நிற்பதற்குத்தான் சனிக்கிழமைகளில் எனக்குச் சம்பளம்.