ஊரா காலனியா என்று கேட்ட வாய்

இந்த ஜெர்மன் நகரத்துக்கு வந்து பதினோரு வருடமாகியும் எனக்குப் பழகாதது ஒன்று உண்டு. எங்கள் பெண்கள் சங்கத்துக்குள் நுழைந்ததும் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதில் பெயர் மட்டும்தான். இனிஷியல் கிடையாது, எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று ஒரு துப்பும் கிடையாது. ஆளை எங்கே வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் நம் ஊர் மூளை திண்டாடும். நிறத்தைப் பார்த்து வேலையிலும் வாடகை வீட்டிலும் ஒதுக்கப்படும் பெண்களுக்காக நடக்கும் சங்கம் அது. புகார் கொடுப்பவளுக்கு மொழி தெரியாவிட்டால் என்னைப் போன்ற பழையவர்கள் மொழிபெயர்க்கப் போவோம். அதற்கு முன் இருவரும் மூன்று முறை தனியே உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். நம்பிக்கை வர வேண்டுமாம்.

போன குளிர்காலத்தில் எஸ்தர் வந்தாள். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவளுக்கு வேலை. அந்தக் கறுப்புக் கை பட்ட ரொட்டி வேண்டாம் என்று சில கிழவர்கள் சொல்ல, மேற்பார்வையாளர் அவளைத் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார். அவளுடைய விசாவோ சமையல் வேலைக்கென்றே கொடுத்தது. சமையலறைக்குத் திரும்பாவிட்டால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். அவளும் என்னைப் போலவே உத்திரமேரூர் பக்கம் என்று தெரிந்ததும் சங்கத்தை நடத்தும் உர்சுலாவுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த ஊரை அவர்கள் ஹைமாட் என்பார்கள். ஒரே ஹைமாட், ஒரே ஹைமாட் என்று சொல்லிச் சொல்லி எங்களை ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

ரொட்டிக் கதையை எஸ்தர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நடித்த அழுகை இல்லை. பிறகு பஸ் ஏறி ஏனாத்தூருக்குப் படிக்கப் போன கதையெல்லாம் பேசினோம். ஏரிக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு அடுத்த கிராமம்தான் அவளுடையது. வெகு சகஜமாக, “ஊர்லயா, காலனியிலயா?” என்று கேட்டுவிட்டேன். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.

எஸ்தர் பேனாவை மூடி வைத்தாள். “இன்னாக்கா, காலனின்னா ஜெர்மன்ல வேற மாதிரி சொல்லுவீங்களா?”

எங்கள் நிலத்தில் களையெடுக்க வரும் காலனிப் பெண்களுக்கு அம்மா டீ கொடுப்பாள். மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும் அலுமினியத் தம்ளரை அவர்களே எடுத்து, கழுவி, நீட்ட வேண்டும். அம்மா எட்ட நின்று ஊற்றுவாள், கை படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல். அந்த லாவகத்தை நான் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் விளையாட்டாக அந்தத் தம்ளரில் தண்ணீர் குடித்ததற்குத் தொடையில் சூடு வாங்கினேன். சூடு வாங்கியவள் என்பதாலேயே நான் அம்மாவைப் போன்றவர்களைச் சேர்ந்தவள் இல்லை என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மன்னித்துவிடு, அப்படி நினைத்துக் கேட்கவில்லை என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “நீங்க நல்லவங்கதான்க்கா. ஆனா என் கையப் பத்தி விசாரணையில வந்து உங்க வாயால சொல்றத, பக்கத்துல குந்திக்கினு என்னால கேக்க முடியாது.”

வேறு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஏன் என்று உர்சுலா என்னைக் கேட்டாள். எனக்கு மொழி போதவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. ஒதுக்குதல், அவமதிப்பு என்று அத்தனை ஜெர்மன் வார்த்தைகளையும் மேடையேறிப் பேசியவள் நான். நேரம் ஒத்துவரவில்லை என்றேன். கோழைத்தனம்தான், வேறென்ன. ஒரே ஊர்க்காரிகளுக்குள் ஏதோ சின்னப் பிணக்கு என்று நினைத்து, அவள் சிரித்தபடி என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

விசாரணையில் யாரோ ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்த்தார். எஸ்தரின் பேச்சு அவருக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இரு தரப்புக்கும் இடையே நடந்த தவறான புரிதல் என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். அவள் விசாவுக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது.

அதைக் கேள்விப்பட்ட அன்று மாலை பஸ்ஸில் கூட்டம். என் பக்கத்து இருக்கை மட்டும் காலி. ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டீர்கள், இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: வெள்ளைக்காரர்கள் கால் கடுக்க நிற்பார்களே தவிர, நம் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் எஸ்தர் ஏறினாள். என்னைப் பார்த்தாள். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து, தன் நிறுத்தம் வரைக்கும் நின்றே வந்தாள்.