சுடு பாலில் கரைத்த பதினோரு பாக்கெட்

பிள்ளை உண்டாகி ஏழாம் மாதத்தில் என் நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன். குடித்த தண்ணீர், தின்ற காய் பழம், நடந்த நேரம், காலையில் வயிறு இளகியதா இல்லையா. முதல் மூன்றும் ஒழுங்காக நிறைந்தன. நான்காவதில் மட்டும் வரிசையாகப் பெருக்கல் குறி.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அது வேலைப் பிரச்சினை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால் பண்ணையின் லேபில் எனக்குக் காலை ஷிஃப்ட். ஏழு மணிக்கு முதல் டேங்கர் வந்துவிடும். நான் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பாலை இறக்குவார்கள். ராஜபாளையத்தில் மாமனார் வீட்டிலிருந்து ஆறு பத்து பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். உப்பிய வயிற்றோடு முக்கால் மணி நேரம் பாத்ரூமில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் எந்த பஸ்ஸைப் பிடிப்பது? ஒரே மாதத்தில் ஐந்து முறை டேங்கரைக் காக்க வைத்தேன்.

லேபுக்குப் பொறுப்பான அக்கா சத்தம் போடவில்லை. "ஏட்டி, முடியலன்னா எட்டு பொறந்ததுமே லீவ எடுத்துக்க. டேங்கர்க்காரன் என் உசுர வாங்குதான்," என்றார்.

பிரசவ லீவு ஆறு மாதம். முன்னால் எடுத்தால் பின்னால் குறையும். ஒன்பதாம் மாதம் பாதி வரை வேலை பார்த்து, மிச்ச நாள் பூராவும் பிள்ளையோடு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த நாட்களை பாத்ரூமில் இழக்க எனக்கு மனமில்லை.

டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு பெட்டி பொடியும் எழுதினார். உயிருள்ள நல்ல பாக்டீரியா, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். "இதுவே எல்லாத்தையும் சரி பண்ணிரும்னு நெனைக்காதீங்க. தண்ணி, நார்ச்சத்து, நடை, எதையும் விடக்கூடாது," என்றும் சொன்னார்.

பெட்டிக்கு அத்தை, அதாவது என் மாமியார், பொறுப்பேற்றுக்கொண்டார். நான் உண்டானது தெரிந்த நாள் முதல் எனக்குத் தயிர் கிடையாது. பிள்ளைக்குச் சளி கட்டுமாம். ஆனால் இது டாக்டர் கொடுத்தது என்பதால் பொடிக்குத் தனி மரியாதை. சாயங்காலம் நடந்துவிட்டு வந்ததும் டம்ளர் பாலில் கரைத்து நீட்டுவார். பதினோரு நாள் குடித்தேன். பதினோரு பெருக்கல் குறி.

பன்னிரண்டாம் நாள், பாக்கெட் பாலுக்கு வழக்கமான சோதனையைச் செய்துகொண்டிருந்தேன். கிருமி சாகும் அளவுக்குப் பால் சூடேறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. டெஸ்ட் டியூபில் மஞ்சள் நிறம் வந்தால் சூடு போதவில்லை என்று பொருள். மஞ்சள் வரவில்லை. 'சரி' என்று எழுதிய கை அப்படியே நின்றது. சாயங்காலம் நான் குடிக்கும் பாலில் பொடி இருப்பது எனக்குத் தெரியும். டம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடித்துத்தான் அத்தை தருவார் என்பதும் தெரியும். சூடான எதிலும் கலக்கக் கூடாது என்று பெட்டியின் பின்பக்கத்தில் படித்தவளும் நான்தான். இதையெல்லாம் சேர்த்து யோசிக்கத்தான் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனேன்.

"அத்தை, பொடிய எப்படிக் கலக்குதிய?"

"பால்லதான். ஏன், கசக்குதா?"

"ஆறுன பால்லயா?"

"ஆறுன பாலக் குடிச்சா சளி புடிக்கும்ட்டி. கொதிக்கக் கொதிக்க ஊத்தி, கட்டி தட்டாமக் கலக்கித்தான தாரேன்," என்றார் பெருமையாக.

"தயிருக்கு உறை ஊத்தும்போது பால் அப்படிக் கொதிச்சா என்னாகும்?"

"தயிராவாது. உறை செத்துப்போகு..." கரண்டி பாதியில் நின்றது. "அப்பம் இத்தன நாளா?"

"பதினோரு பாக்கெட்."

"ஒரு பாக்கெட்டுல எம்புட்டு இருக்கும்?"

"கோடிக்கணக்குல இருக்கும்."

"ஆத்தாடி!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

முன்னறையிலிருந்து மாமனாரின் சிரிப்பு கேட்டது. "இருவது வருசம் பட்டாளத்துல இருந்தேன், ஒரு ஈ காக்காயக் கொன்னதில்ல. இவ அடுப்படில நின்ன எடத்துலயே கோடிப்பேர முடிச்சுட்டா!"

"நீங்க செத்த நேரம் வாய மூடுங்க," என்று அவரை அடக்கிவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ பாலப் பத்திப் படிச்சவதான? தெனமும் குடிச்சியே, ஒன் நாக்கு சுடலயா?"

மூவரும் சேர்ந்து சிரித்ததில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது.

அன்றிலிருந்து பொடி ஆறின தண்ணீரில். உறைமோர் விஷயம் அத்தையின் மனதில் ஓடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மறுநாள் என் டிபன் பையில் ஒரு சின்னக் கிண்ணம் கூடுதலாக இருந்தது. "அந்தப் பொடியும் தயிரும் சொந்தக்காரங்கன்னா, மத்தியானம் ஒரு கிண்ணம் சாப்பிடு. பொழுது சாஞ்ச பொறவு கேட்டா அடிதான்."

அடுத்த வாரம் ஒரு காலை, பத்தே நிமிடத்தில் வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் என்னை விடுவதற்காக பைக்கில் உட்கார்ந்திருந்த மாமா வாட்சைப் பார்த்தார்.

"என்னம்மா, ரிப்போர்ட்டு?"

"ஓகே மாமா."

அடுப்படியிலிருந்து "அய்யனாரே!" என்று ஒரு குரல். மாமா தேவையே இல்லாமல் இரண்டு முறை ஹாரன் அடித்தார். லேபில் டேங்கர் வருவதற்கு முன்பே நான் நின்றேன். அக்கா கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ராத்திரி இங்கனயே படுத்துக்கிட்டியா?" என்றார்.

எது வேலை செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. மாத்திரை, தண்ணீரில் கலந்த பொடி, தயிர் என்று அடுத்தடுத்து எல்லாவற்றையும் மாற்றியிருந்தோம். லேபில் இப்படி ஒரு சோதனை செய்தால் அக்கா தாளைக் கிழித்துப்போடுவார். அத்தைக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. தெரு முழுக்க, "எந் தயிருதான்" என்று சொல்லிவிட்டார். ராணுவத்தில் இருக்கும் என் கணவர் போனில், "ஊருக்கே தெரிஞ்ச பொறவு எனக்குச் சொல்லுத," என்று கோபித்துக்கொண்டார்.

லீவு லெட்டரில் தேதியை நானே தேர்ந்தெடுத்து எழுதினேன். ஒன்பதாம் மாதம், சரியாகப் பாதி. அதற்குள் நான்கைந்து நாள் நோட்டில் பெருக்கல் குறி வந்தது உண்மை. ஆனால் எந்த டேங்கரும் காத்திருக்கவில்லை.

இப்போது மகளுக்கு ஐந்து மாதம் ஆகப்போகிறது. லீவில் இன்னும் நாள் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை எழுந்து அவளுக்குத் துணி மாற்றிவிட்டேன். மூன்றாவது முறை அத்தையே தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்:

"ஏட்டி, ஆத்தாளுக்கும் சேத்து மக போறா! வந்து பாரு!"