கீழ்ப் பக்கம்தான் பாரம்

நம்ம சயின்ஸ் சார் போய்விட்டார்... நேற்று சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். வேன் ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது.

நான் எப்போதும் போடும் ஏமாற்று போஸ்ட் இல்லை இது. சத்தியமாக.

கொடகவெல டவுனில் கம்யூனிகேஷன் கடையிலிருந்து டைப் செய்கிறேன். மழை நிற்கிற மாதிரி இல்லை. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம்ம கிளாஸ் பொடியன்கள் யாராவது பார்த்தால், இன்றே பஸ் ஏறுங்கள். தோள் வேண்டும்.

சார் வீடு தோட்டத்து மேல் லயத்தில், மலை மேல் இருக்கிற வரிசை வீடுகளில். ராத்திரி சாரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அங்கே போகும் ரோட்டில் மண் சரிந்துவிட்டது, இனி வேன் ஏறாது. நாளைக்குப் பெட்டியைப் படிக்கட்டு வழியாகத்தான் இறக்க வேண்டும். அந்தப் படிக்கட்டு தெரியும்தானே... முழுக்கப் பாசி. வெறுங்கையோடு வருகிறவர்களே உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார்கள்.

கண்ணை மூடினால் ஒரே படம்தான் வருகிறது. யாரோ ஒருவருக்குக் கால் வழுக்கி...

வேண்டாம், எழுத மாட்டேன்.

சாருக்கு சயின்ஸ் தெரியாது என்பது முதலில் சாருக்கே தெரியும். தமிழ் படிப்பிக்க வந்தவர். சயின்ஸ் டீச்சர் ஒருவரும் வராததால் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

முதல் நாளே சொன்னார்: "புள்ளைகளா, எனக்கும் இது புதுசு. ரெண்டு பக்கம்தான் படிச்சிட்டு வந்திருக்கேன். கேள்வி கேக்குறதுன்னா அந்த ரெண்டு பக்கத்துக்குள்ள கேளுங்க."

விடுவேனா? "சார், சாய்தளம்னா சாயத்தண்ணி குடிக்கிற இடமா சார்?"

"ஆமாடா. நீ போய் ஒரு கப் பிளேன் டீ குடிச்சிட்டு வா, அதுக்குள்ள நான் போர்டுல படத்தைப் போட்டுர்றேன்." அடி இல்லை, முறைப்பும் இல்லை. எனக்குத்தான் மானம் போனது.

பிறகு அந்த அலுமாரி.

ஒரு பாரத்தை இரண்டு பேர் இரண்டு முனையில் தூக்கினால் ஆளுக்குப் பாதி என்று படிப்பித்த அதே வாரம், ஸ்கூல் சயின்ஸ் லெப்புக்கு அலுமாரி வந்தது. "உடட்ட யன்ன பே, மல்லி" என்று, மேலே போக முடியாது என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, கீழ் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போனார் லொறிக்காரர். மேல் பக்கம் சாரும் இன்னொருவனும். கீழ்ப் பக்கம் நானும் மோகனும்.

பாதி வழியில் கத்தினேன்: "சார்! ஆளுக்குப் பாதின்னீங்களே, என் பாதி மட்டும் ஏன் சார் குட்டி போடுது?"

இறக்கி வைக்கச் சொன்னார். கீழே வந்து, நான் பிடித்த இடத்தில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"அட ஆமாடா... புத்தகத்துல தரை சமமா இருந்துச்சு. நம்ம தோட்டத்துல எங்கடா சமம்? நீ மேல போ."

ஸ்கூல் வரைக்கும் கீழ்ப் பக்கம் அவர்தான். மூச்சு வாங்க வாங்க, "ஆட்டாதீங்கடா... மெதுவா... ஆட்டாதீங்க..." என்றபடியே.

மறுநாள் போர்டில் பழைய படத்தை அழித்துவிட்டு மலையைப் போட்டார். கீழே நிற்கிறவன் தலைக்கு மேல் பெரிய அம்புக்குறி.

இன்று காலை நானும் மோகனும் ஸ்கூல் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிக்கட்டில் ஒத்திகை பார்த்தோம். வழுக்கிவிட்டது. பெஞ்சுக்குக் கால் போனது, எனக்கு முட்டி. உராய்வு போதவில்லை... அதனால் தேயிலைக் கொழுந்து அள்ளும் சாக்குகளைப் படி படியாக விரித்துக் கல் வைத்திருக்கிறோம். மழை அதை என்ன செய்யுமோ தெரியாது.

தோட்டத் தலைவருக்குக் கோபம். "பொடியன்க விலகுங்க. பெரியவங்க தூக்குவாங்க. உனக்கு ஒரு வாளித் தண்ணியைச் சிந்தாம தூக்கத் தெரியுமாடா?"

"தெரியாதுங்க. ஆனா கீழ்ப் பக்கம் எங்களுக்கு வேணும்."

"ஏன்டா, கீழயேதான் வேணுமா?"

"அங்கதாங்க பாரம் கூட."

சாக்கு விரித்த படியை ஒரு தடவை காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "செருப்புப் போடாம வாங்க" என்றார்.

 நாளைக்கு வழுக்கக் கூடாது.

சார்... கீழ்ப் பக்கம் நானும் மோகனும்.

மெதுவாகத்தான் வருவோம். ஆட்ட மாட்டோம், சார்.